டைரனிட்டார் ஒரே அடியில் மயங்குமா? காலே வீசம் வாய்ப்பு குறித்து ஓர் ஆய்வு

போக்கிமான் இணையப் போரில், ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில், கார்ச்சோம்ப் என்ற போக்கிமான் 'எர்த்குவேக்' அடித்தால் டைரனிட்டார் என்ற போக்கிமான் ஒரே அடியில் மயங்குமா என்பதே இவ்வாய்வின் பொருள். போக்கிமான் போரில் யாரும் சாவதில்லை, மயங்குவார்கள். ஆய்வு நெறி கருதி நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 'ஸ்மோகன் பல்கலைக்கழகம்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று நெடுங்காலமாக இயங்குகிறது. அதற்குத் துணைவேந்தரும் கிடையாது, பட்டமளிப்பு விழாவும் கிடையாது. ஆனாலும் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றைவிட அங்கே கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அவர்களிடம் புழங்கும் டேமேஜ் கால்குலேட்டருக்கு 'கால்க்' என்று செல்லப் பெயர். கால்க்கைக் கேட்டால் நொடியில் விடை வந்துவிடும். ஆனால் நொடியில் வந்த விடையை யாரும் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால், நாம் கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

அடிப்பவரின் லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, இரண்டைக் கூட்ட வேண்டும். லெவல் 100 என்றால் 42 வரும். அதை அடியின் பவரால் பெருக்க வேண்டும். எர்த்குவேக்குக்கு அது 100. பிறகு அடிப்பவரின் அட்டாக்கால் பெருக்கி, வாங்குபவரின் டிஃபென்ஸால் வகுத்து, மறுபடி 50ஆல் வகுத்து, இன்னொரு இரண்டைக் கூட்ட வேண்டும். ஏன் இரண்டு என்று கேட்கக் கூடாது. வகுக்கும்போது பின்னம் வந்தால் ஈவிரக்கமின்றி வெட்டிவிட வேண்டும். 1996இல் ஜப்பானில் இந்த ஆட்டம் வெளிவந்தபோது ஓடிய கேம்பாய் கருவியின் ப்ராசஸருக்குப் பெருக்கல், வகுத்தல் கட்டளைகளே கிடையாது. எல்லாவற்றையும் கூட்டல் கழித்தலை வைத்தே ஒப்பேற்றியாக வேண்டும். பின்னத்தை வெட்டும் வழக்கம் அந்தக் காலத்தது. கருவிகள் வளர்ந்த பிறகும் போகவில்லை.

இனி எண்கள். அட்டாக்கில் முழுப் பயிற்சி பெற்ற 'ஜாலி' சுபாவக் கார்ச்சோம்புக்கு அட்டாக் 359. ஹெச்பியிலும் டிஃபென்ஸிலும் பயிற்சி பெறாத டைரனிட்டாருக்கு டிஃபென்ஸ் 256, உயிர்ப் புள்ளியான ஹெச்பி 341. சூத்திரத்தில் போட்டால் 119 வருகிறது. இந்த 119ஐ ஆட்டம் அப்படியே விடுவதில்லை. 85 முதல் 100 வரையுள்ள பதினாறு எண்களில் ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு எடுத்து, அத்தனை விழுக்காடாகக் குறைக்கிறது. இதற்கு 'ரோல்' என்று பெயர். அதன்பின் கார்ச்சோம்ப் நில வகை, எர்த்குவேக்கும் நில வகை என்பதால் ஒன்றரை மடங்கு. டைரனிட்டார் பாறை வகை, பாறைக்கு நிலம் ஆகாது என்பதால் இரண்டு மடங்கு. முடிவில் அடி 302க்கும் 356க்கும் இடையில் எங்கோ விழும்.

95 வந்தால் அடி 338: டைரனிட்டார் மூன்று ஹெச்பியோடு நின்று முறைக்கும். 96 வந்தால் 342: மயக்கம். ஆக, பதினாறில் ஐந்து ரோல்களில் மட்டுமே மயங்கும். கால்க் இதை 31.3 விழுக்காடு என்கிறது. எண்சுவடி படித்த தாத்தாவிடம் கேட்டிருந்தால், தசமப் புள்ளியின் தொல்லையே இல்லாமல், காலும், பதினாறில் ஒன்றான வீசமும் சேர்த்து, 'காலே வீசம்' என்று முடித்திருப்பார்.

சுபாவத்தை மாற்றினால் என்ன ஆகும்? ஜாலி சுபாவம் வேகத்தைக் கூட்டும், 'அடமன்ட்' சுபாவம் அட்டாக்கைக் கூட்டும். ஜாலியாக இருப்பவன் வேகமாக ஓடுவான், பிடிவாதக்காரன் அழுத்தி அடிப்பான் என்பதில் உளவியலாளர்களுக்கும் மறுப்பு இருக்காது. அடமன்ட் கார்ச்சோம்பின் அட்டாக் 394. இப்போது பதினாறில் பதின்மூன்று ரோல்களில் டைரனிட்டார் மயங்கும், அதாவது முக்காலே வீசம். அட்டாக்கில் பத்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை; வாய்ப்போ இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

மறுபக்கம் டைரனிட்டார் வளர்ப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள், ஒரு திறனுக்கு அதிகபட்சம் 252. இரண்டு திறன்களை நிரப்பினால் 6 மிஞ்சும். நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் திறன் ஏறும் என்பதால் அதிலும் 4 மட்டுமே உதவும். அந்த நான்கை ஹெச்பியில் போடுவது பலருடைய வழக்கம். போட்டால் ஹெச்பி 342 ஆகும். அடியும் 342! போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. இன்னும் நான்கை வேறு திறனிலிருந்து பிடுங்கிப் போட்டு 343 ஆக்கினால்தான் ஒரு வீசம் தப்புகிறது. உலகில் இவ்வளவு பாடுபட்டு ஒரு வீசம் சம்பாதிப்பவர்களை நகைக்கடையில்தான் பார்க்க முடியும்.

கிரிட்டிகல் அடி என்று ஒன்று உண்டு. 24இல் ஒரு முறை விழும். விழுந்தால் இந்த 343உம் காப்பாற்றாது. 8 புள்ளி போடாத பழைய டைரனிட்டாருக்கு அதையும் சேர்த்தால் வாய்ப்பு சுமார் 34 விழுக்காடு.

இவ்வளவு துல்லியமான கணக்கின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிராளி தன் டைரனிட்டாருக்கு எங்கே எத்தனை புள்ளி போட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. திரையில் அவருடைய ஹெச்பி விழுக்காடாக மட்டுமே தெரியும். ஹெச்பியை முழுக்க நிரப்பியிருந்தால் அது 404. நம் 356 எந்த மூலைக்கு? எனவே ஆட்டக்காரர்கள் முதலில் அடித்துப் பார்த்து, எத்தனை விழுக்காடு இறங்கியது என்பதிலிருந்து எதிராளியின் புள்ளிகளைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள். நடந்ததைக் கேட்டுக்கொண்டு பிறந்த நேரத்தைத் திருத்தும் ஜோசியரின் முறையே இது. அடித்த பிறகு கணிப்பு மிகச் சரியாக இருக்கும்.

பள்ளம் அத்தோடு முடியவில்லை. எதிராளிக்கும் கால்க் தெரியும். காலே வீசம் அபாயம் என்று அவரும் போட்டுப் பார்த்திருப்பார். ஆகவே நாம் எர்த்குவேக்கை அழுத்தும் அதே சுற்றில் டைரனிட்டாரைத் திரும்ப அழைத்துவிட்டு, ஸ்கார்மோரி என்ற இரும்புப் பறவையை இறக்குவார். பறப்பதை நில அடி தொடாது. 42 பெருக்கல் 100 பெருக்கல் 359 என்று தொடங்கிய கணக்கு, ஜாலியானாலும் அடமன்டானாலும், பதினாறு ரோல்களிலும் பூஜ்யத்தில் வந்து நிற்கும். 2022இல் வந்த ஆட்டங்களில் இதற்குப் பறவைகூட வேண்டாம். 'டெரா' என்ற ஏற்பாட்டின்படி டைரனிட்டாரே பறக்கும் வகையாக மாறிக்கொள்ளலாம்.

எனவே டைரனிட்டார் வளர்ப்போர் ஹெச்பியில் 4க்குப் பதில் 8 புள்ளி போடுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கார்ச்சோம்ப் வளர்ப்போர், கால்க்கைத் திறப்பதற்கு முன் எதிரணியில் பறவை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.