ஃபார்மட் அண்ணன்

கொல்லிமலையில் கேமிங் கணினி உள்ள வீடு எதுவாயினும் அதற்கென ஒரு ஃபார்மட் அண்ணன் உண்டு. அவர் செம்மேட்டில் ரீசார்ஜ் கடை நடத்துபவராகவோ, நாமக்கல்லில் டிப்ளமோ முடித்துவிட்டு மிளகுத் தோட்டத்தைக் கவனிப்பவராகவோ இருக்கலாம். ஆனால் கோளாறு இன்னதென்று பையன் சொல்லி முடிப்பதற்குள், "ஒரு ஃபார்மட் போட்டுட்டா சரியாப் போயிரும் தம்பி" என்று தீர்ப்பளிப்பதில் இவ்விரு பிரிவினருக்கும் இடையே எந்த வேறுபாடும் காணப்படுவதில்லை. ஃபார்மட் என்பது விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு, விண்டோஸை முதலிலிருந்து நிறுவும் செயலாகும். பிறருக்குக் கடைசி வழியாகிய இது அண்ணனுக்கு முதல் வழியாகவும், பெரும்பாலும் ஒரே வழியாகவும் விளங்குகிறது.

கேம் கிராஷ் ஆவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரே நோயன்று. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிவது ஒரு வகை. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிகளுக்குள் பதில் தராததால் விண்டோஸ் அதன் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மீட்டமைக்க முயன்று தோற்பது இன்னொரு வகை. ராமில் பிழை ஏற்பட்டு நீலத்திரை வருவது மூன்றாவது. மின்சாரத்தை மாற்றிப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கிராபிக்ஸ் கார்டின் திடீர்ப் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் கணினியே அணைந்து எழுவது நான்காவது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்ததாகச் சங்கப்பாட்டு கூறுவதுபோல, அண்ணனும் இவை அனைத்தையும் ஒரே பென்டிரைவால் வீழ்த்த எண்ணுகிறார். ஓரியின் அம்பு விலங்குகளின்மீது பட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

அந்தப் பென்டிரைவ் தனியே குறிப்பிடத்தக்கது. மூடி தொலைந்து, எந்த விண்டோஸ் என்பதை எழுதிய மை பாதி அழிந்து, பைக் சாவியோடு கறுப்புக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் அதை அவர் குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பிரிவதில்லை. வந்தவுடன் அதைச் செருகி, கணினியை அணைத்து எழுப்பி, எந்த விசை பூட் மெனுவைத் திறக்கும் என்பதை ஆராயும் பொறுமை இல்லாதவராதலால் எஃப்2, எஃப்12, டெலிட் ஆகிய மூன்றையும் மாறி மாறி, மழை தகரக்கூரையில் விழும் வேகத்தில் தட்டுகிறார். இதற்குச் சற்று முன்பு திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றியிருந்தால், அதை வீட்டார் முதல் வரி படிப்பதற்குள் ஓகே அழுத்தி மூடியிருப்பார். "அதுல என்ன அண்ணா போட்டிருந்துச்சு?" என்று கேட்டால், "அது எப்பவும் வர்றதுதான் தம்பி" என்பதே பதில்.

அவர் அழிப்பது கோளாற்றை அன்று, கோளாற்றின் சாட்சியங்களை. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்றொரு நிகழ்வுப் பதிவேடு உண்டு. கணினி முறையாக மூடப்படாமல் நின்று எழுந்தால் அதில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு விழுகிறது. அது காரணத்தைச் சொல்லாது எனினும், அருகிலுள்ள பதிவுகளோடும் மின்வெட்டு நேரத்தோடும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த மின்னழுத்தத்தையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகிப்பதற்கு வழி பிறக்கும். நீலத்திரை வரும்போது எழுதப்படும் மினிடம்ப் கோப்பும் அத்தகையதே. இவ்விரண்டும் இருப்பது சி டிரைவில்.

இருந்தும் அண்ணனின் புகழ் குறையாததற்குத் தக்க காரணம் உண்டு. வேகமாகத் திறக்கட்டும் என்று கேம்களையும் எஸ்எஸ்டி வட்டின் அதே சி டிரைவில் வைத்திருக்கும் வீட்டில், ஃபார்மட் முடிந்தபின் கேம்களும் இருப்பதில்லை. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற கேமுக்கு 150 ஜிபி இடம் தேவை; நாளுக்கு 2 ஜிபி தரும் செல்பேசி ரீசார்ஜை மட்டும் நம்பி அவ்வளவையும் மீண்டும் இறக்குவதற்கு 75 நாள்கள் ஆகும், அதாவது காரவள்ளியிலிருந்து மலையேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வளைவுக்கு ஒரு நாள் வீதம் ஒதுக்கினாலும் ஐந்து நாள்கள் மிஞ்சும். இக்காலம் முழுவதும் கேம் ஒருமுறைகூடக் கிராஷ் ஆவதில்லை என்பதை அண்ணன் பெருமையுடன் சுட்டிக்காட்டுகிறார். இல்லாத கேம் எப்படிக் கிராஷ் ஆகும் என்று கேட்பவர் நன்றிகெட்டவராகக் கருதப்படுகிறார். எழுபத்தாறாம் நாள் பழைய இடத்திலேயே கேம் நின்றால், "போன தடவை போட்டது பழைய விண்டோஸ்" என்ற விளக்கத்துடன் பென்டிரைவ் மீண்டும் வெளிவருகிறது.

ஃபார்மட்டால் தொட இயலாத கோளாறுகள் உண்டு என்பதை உலகமே அறிந்த ஆண்டு 2024. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் நின்றன. வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி பலருக்குத் தோன்றியதால், பழி கிராபிக்ஸ் கார்டின்மீது விழுந்தது. பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதே காரணமென இன்டெல் பின்னர் அறிவித்து, மதர்போர்டின் பயாஸ் வழியாக நிறுவும் திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்டதோடு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதுபட்ட சில்லை அத்திருத்தம் மீட்காது. அத்தகைய கணினியில் ஆயிரம் முறை ஃபார்மட் போட்டாலும் பயன் ஒன்றுதான்: அண்ணனின் விரல்களுக்குப் பயிற்சி.

ராமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளி ரப்பரால் துடைப்பது, கேபினெட்டின் பக்கக்கதவைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது போன்ற வேறு கலைகளும் அவரிடம் உண்டு. அவை சில வேளைகளில் பலிப்பதும் உண்டு. சர்வீஸ் சென்டருக்குச் செல்வதென்றால் கனமான கிராபிக்ஸ் கார்டுடன் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவுகளிலும் பேருந்தில் குலுங்கி இறங்க வேண்டியிருக்க, கூப்பிட்ட அன்றே, பனியிலும் மழையிலும் பைக்கில் வந்து, காசு வாங்க மறுத்து, ஒரு காபியோடு எழுந்து செல்பவர் அவர் ஒருவரே. அவர்மீது கோபப்படுவது எளிதன்று.

ஆயினும் கோபத்திற்கு இடமிருக்கிறது. "டி டிரைவ்ல இருக்கறது ஒண்ணும் போகாது" என்று அவர் அளிக்கும் உறுதி உண்மையே; ஆனால் வீட்டார் பட்டாவின் ஸ்கேனையும், அக்காவின் திருமணப் படங்களையும், மாணவன் தன் புராஜெக்டையும் வைத்திருப்பது டெஸ்க்டாப்பில், டெஸ்க்டாப்போ சி டிரைவின் ஒரு ஃபோல்டர். பல கேம்களின் சேவ் கோப்புகள் தங்கும் டாக்குமென்ட்ஸும் அங்கேதான். இவை போனதை ஒருவாரம் கழித்து அறியும் குடும்பம், அமெரிக்கப் பசிபிக் கடற்கரை நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும், காணாமற்போன தமிழ் விசைப்பலகையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உதவிக்கு வந்தவர் என்பதால் இழந்ததைக் கேட்கவும் வழியில்லை.

ஆகவே கேம் நின்றால் முதலில் பிழைச்செய்தியைச் செல்பேசியில் படம் பிடித்து வைக்க வேண்டும். ஈவன்ட் வியூவரைத் திறந்து அந்த நேரத்துப் பதிவைப் பார்க்க வேண்டும். டிரைவர், ராம், வெப்பம், மின்சாரம் என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ளவற்றை வேறு வட்டில் நகலெடுக்க வேண்டும். இவ்வளவும் முடியும்வரை அண்ணனுக்குக் காபி கொடுங்கள், பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.