எங்கள் சோபாவுக்கும் அடங்கல் கேளுங்கள்

அனுப்புநர்:
அடுக்ககவாசி ஒருவன்,
தியாகராய நகர், சென்னை – 17.

பெறுநர்:
வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை – 5.

பொருள்: வெள்ள நிவாரணம் – விவசாயிகளுக்கு உள்ள விதிகளைச் சென்னை அடுக்ககங்களுக்கும் விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மைத்துனரின் தொலைபேசி அழைப்பு, டிசம்பர் 2024.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தீர்கள். டோக்கனை நீட்டினோம், வாங்கினோம், வந்தோம். சோபா எத்தனை சதவீதம் நனைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பருவத்தில் வாங்கியது என்றும் கேட்கவில்லை. அன்று அந்த ஆறாயிரத்தில் சோபாவுக்குப் புது உறை போட்டோம். மீதியில் பாண்டிபஜாரில் டிபன் சாப்பிட்டோம். இவ்வளவு தாராளமாக நடத்தப்பட்டவன் என்ற உறுத்தலோடுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 அன்று விமான நிலையத்தை மூடினார்கள். நாங்கள் பால் பாக்கெட்டுகளை வாங்கிக் குவித்தோம். அன்றிரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும் “சென்னை தப்பியது” என்று பெருமூச்சு விட்டு, வெங்காய பஜ்ஜி போட்டோம். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை என்று செய்தி ஓடியபோது, அதை மயிலாப்பூர் என்று காதில் வாங்கிப் பதறியவர்கள் எங்கள் மாடியில் உண்டு. மயிலம்தான் என்று தெரிந்ததும் அமைதியானார்கள்.

டிசம்பர் 2 அதிகாலை, ஊர் உறங்கும் நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் போனது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்று அரசு சொன்னது. எங்களுக்குச் சொல்லவே இல்லை என்று கரையோரத்தில் சொன்னார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி திறந்ததைக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் இன்றுவரை பேசுகிறார்கள். தணிக்கைத் துறையே அறிக்கை எழுதி, அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. தென்பெண்ணையில் போனது அதைப்போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆனால் திருச்சி நெடுஞ்சாலையில் அரசூரில் தண்ணீர் ஏறிப் பேருந்துகள் நின்று, விக்கிரவாண்டி அருகே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் ரத்தான பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. விழுப்புரம் மூழ்கியதைக் காட்டிலும், விழுப்புரத்தைத் தாண்டிப் போக முடியாததுதான் எங்களுக்குப் பெரிய செய்தி.

அப்போதுதான் திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்து மைத்துனர் கூப்பிட்டார்.

“மாமா, சென்னையில வெள்ளம்னு டிவில காட்டிக்கினே இருந்தான். ஊட்டாண்ட தண்ணி வந்துச்சா? அக்கா நல்லாருக்குதா?”

“எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. அங்க எப்படி?”

“இங்க என்னா மாமா, கழனியக் காணோம். மணலுதான் கெடக்குது.”

நேரில் போய்ப் பார்த்தேன். நட்டு நாற்பது நாளான சம்பா, தூர் கட்டுகிற பருவம். அதன்மேல் ஆறு முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டி, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாதபடி மெழுகிவிட்டுப் போயிருந்தது. மோட்டார் கொட்டகையில் சுவர் இருந்தது, மோட்டார் இல்லை. வைக்கோல் போர் ஊறிப் புளித்த வாடை தெருமுனை வரை வந்தது. வீட்டுக்குள் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பத்திரம், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. மைத்துனரின் மனைவி அவற்றை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கயிற்றுக் கட்டில்மேல் கல் வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். துணிமணியெல்லாம் அப்புறம்தான். இந்தத் தாள் இல்லாவிட்டால் எழிலகத்தின் பார்வையில் தங்களுக்கு வெள்ளமே வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அங்கேதான் தங்கள் விதிகளைக் கேள்விப்பட்டேன். எவ்வளவு நுட்பம், எவ்வளவு கறார்! இவ்வளவு அருமையான விதிகளைக் கிராமத்துக்கு மட்டும் ஒதுக்கிவைத்து எங்களை வஞ்சிக்கலாமா? ஆகவே கீழ்க்கண்டவாறு பணிந்து வேண்டுகிறேன்.

பயிர் 33 சதவீதமும் அதற்கு மேலும் அழிந்தால்தான் நிவாரணம் என்கிறீர்கள். 2015க்கு முன்னால் 50 சதவீதமாக இருந்ததாம்; இரங்கிக் குறைத்திருக்கிறார்கள். இனி தி.நகர் அடித்தளங்களுக்கும் இதே அளவுகோலைப் பிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, தண்ணீரில் மூழ்கிய என் காரின் முன் என்னை நிற்கவைத்துப் படம் எடுக்கட்டும். இன்ஜின் போய்விட்டது, ஆனால் கூரை நனையவில்லை, ஆக 32 சதவீதம், தள்ளுபடி என்று எழுதட்டும். தண்ணீர் வடிந்த பிறகே கணக்கெடுப்பு என்ற வழக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். வடிந்தபின் கார் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஃபெஞ்சலின்போது பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தீர்கள், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குப் பிரித்தால் ஏழாயிரத்துக்கும் குறைவு. உழவு, நாற்று, நடவு, உரம், களை என்று அந்த ஏக்கரில் அவர் போட்டது அதைப்போல் சில மடங்கு. நான் சோபாவைக் காயவைத்ததற்குக் கிடைத்த ஆறாயிரத்துக்கும், அவர் ஒரு ஏக்கர் சம்பாவைப் பறிகொடுத்ததற்குக் கிடைத்ததற்கும் ஆயிரம் ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி அட்டைகளுக்குத் தனியாக 2,000 கொடுத்தீர்கள். எங்களுக்கு ஆறு, அவர்களுக்கு இரண்டு. சென்னைத் தண்ணீர் அடர்த்தி அதிகம் போலிருக்கிறது.

மைத்துனர் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே அட்டைக்கு 5,000, ஹெக்டேருக்கு 30,000 என்று அறிவித்தார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்குள் புதுச்சேரிக் கிராமங்கள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பது தாங்கள் அறிந்ததே. அடுத்தடுத்த கழனிகளில் அதே மழை, அதே சேறு, ஆனால் விலை வேறு. விதிகளை எழுதியது தில்லி, நாங்கள் என்ன செய்வோம் என்பீர்கள். எனக்குக் கொடுத்த ஆறாயிரம் தில்லியின் எந்த விதியில் இருந்தது ஐயா?

மணல் விவகாரம் இன்னும் அழகு. நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்றது அப்போதைய விதி. உரிய அதிகாரி சான்று தர வேண்டும், வேறு உதவி எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. மூன்று அங்குலத்துக்கு ஸ்கேல் போதும். முழங்கால் உயர மணலுக்கு ஜேசிபி வேண்டும், அது மணிக்கணக்கில் வாடகை கேட்கும். வாரிய மணலை வண்டியில் ஏற்றி விற்கலாமே என்றால், கனிமச் சட்டம் வந்து நிற்கும். அடையாற்றிலும் தி.நகரிலும் அடுக்ககம் கட்ட லாரி லாரியாக ஆற்று மணல் வந்தபோது அந்தச் சட்டம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று நான் கேட்கமாட்டேன். நான் அந்த மணலுக்குள்தான் குடியிருக்கிறேன்.

பட்டா விஷயம். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் கடன் வாங்கிப் போட்ட பயிர் போனாலும், பணம் பெரும்பாலும் பட்டாதாரர் கணக்குக்குத்தான் போய்ச் சேருகிறது. புறம்போக்கில் பயிர் வைத்தவர் வாயே திறக்க முடியாது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்குப் பயிர் நிவாரணத்தில் இடமே கிடையாது. அவர்களுக்கு அழிந்தது பயிரல்ல, வேலைதானே. இதையும் எங்களுக்குப் பொருத்துங்கள். வாடகைக்கு இருப்பவரின் ஃபிரிட்ஜ் மிதந்தால் நிவாரணம் நியூஜெர்சியில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்குப் போகட்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் நின்றால், அவரிடம் சோபாவே இல்லை என்று கோப்பை மூடுங்கள். புறம்போக்கு என்று தோண்ட ஆரம்பித்தால் இன்னும் சங்கடம்: தி.நகர் நின்றுகொண்டிருப்பது நூறு ஆண்டுகளுக்கு முன் தூர்த்த மாம்பலம் ஏரியின்மேல். ‘நிலவகை: ஏரி’ என்று போட்டால் பனகல் பூங்கா வரை எவருக்கும் ஒரு பைசா தேறாது.

அந்த வெள்ளத்தில் இறந்த கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று அறிவித்தீர்கள். கோழி விலை பற்றிக் கருத்துச் சொல்ல நான் தகுதியற்றவன். ஆனால் மாடு செத்ததற்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டுமே, ஆறு அடித்துக்கொண்டு போன மாட்டை எங்கே போய்ப் பிரேதப் பரிசோதனை செய்வது? எனவே, அடையாற்றில் இனி எவருடைய ஸ்கூட்டர் போனாலும், அதன் உடல் கிடைத்தால்தான் இழப்பீடு என்று ஆணையிடுங்கள்.

பயிர்க் காப்பீட்டை மட்டும் எங்கள் காருக்குக் கொண்டுவரக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. என் கார் முழுகினால் கம்பெனிக்காரர் என் காரைத்தான் பார்க்கிறார். மைத்துனரின் நெல்லுக்கோ, அப்போது அறிவிக்கை செய்யப்பட்ட ஊர் முழுக்க ஒரே அலகு. சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து, கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியோடு ஒப்பிட்டு, ஊர் சராசரி இறங்கியிருந்தால்தான் பணம் என்றிருந்தது. மேட்டு வயலில் நன்றாக விளைந்தால் பள்ளத்து வயல்காரருக்கு நாமம். ஜி.என். செட்டி சாலையில் என் கார் மிதக்கும்போது, மாம்பலத்தில் நாலாவது மாடி பார்க்கிங்கில் காய்ந்து நிற்கும் கார்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஆனாலும் சமத்துவம் என்றால் இதையும் சகிக்க வேண்டியதுதான்.

தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்றே மாதமான பாலத்தையும் அதே வெள்ளம் கொண்டுபோனது. அதற்கு 33 சதவீதக் கணக்கு உண்டா என்று விசாரித்துச் சொல்லவும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் அரசாணை வந்துவிட்டால் விவசாயிகள் பயிருக்கும் நிலத்துக்கும் எடுப்பதுபோல, எங்கள் தெருக்காரர்கள் சோபாவுக்கு அடங்கலும் சிட்டாவும் எடுத்துத் தயாராக இருப்பார்கள். இந்த விதிகளை மனிதர்கள் வசிக்கும் வீடுகளுக்குப் பொருத்த இயலாது என்று தாங்கள் முடிவெடுத்தால், அந்தக் காரணத்தைக் கோப்பில் அப்படியே எழுதி, விவசாயிகளுக்கும் அவற்றை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
6,000 ரூபாய் பெற்றுக்கொண்ட பயனாளி