கனைப்பதிகாரம்: தாழ்ப்பாள் இல்லாத காட்டு முகாம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

காட்டில் கூடாரமடித்துத் தங்குவது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. எல்லா ஆய்வேடுகளும் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை வைத்திருப்பதால் நானும் வைத்துவிட்டேன். உண்மையா என்று தேடிப் பார்க்கவில்லை. அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுக்களம், பச்சைமலைச் சாரலில் ஊர்ச் சத்தம் எட்டாத ஒரு பொது முகாமிடம். அதை நடத்துவது யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே மறுபடியும் போய்த் தங்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக் குழுவினர், உடையார்பாளையத்திலிருந்து ஒரே வேனில் அடைத்துக்கொண்டு புறப்பட்ட என் குடும்பத்தார். அங்குள்ள வசதிகளாவன: சமன் செய்த தரை, ஒரு குழாய், ஒரு சோலார் விளக்கு, ஒரு கழிவறை. கழிவறைக்குக் கதவு உண்டு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் உண்டு. நான்கையும் தீக்குச்சியால் ஆழம் பார்த்தேன். மேலோட்டமான ஆய்வு என்று நாளைக்கு எவரும் சொல்லிவிடக் கூடாது.

முதலில் நிலம். உடையார்பாளையத்துக்காரனுக்குக் காடு புதிதன்று. ஊரைச் சுற்றிலும் செம்மண், செம்மண் முழுக்க முந்திரி. ஆனால் முந்திரிக்காட்டுக்குப் பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கப் போவார்கள், காவலுக்குப் போவார்கள். இரண்டுக்கும் கூலி உண்டு. கூலி இல்லாமல், கையிலிருந்து பணமும் கட்டி, கட்டாந்தரையில் படுத்துவிட்டு வருவதே முகாம் எனப்படும். இந்த முந்திரி பிரேசிலில் பிறந்து போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்த மரம். அதே சமயம் சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை நுணுக்கி அளக்கும் இடங்களில் ‘முந்திரி’ வருகிறது; அது 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம். இதை மரமென்று வாசித்து, இராசேந்திரன் படை வறுத்த முந்திரியைக் கொறித்துக்கொண்டே கடாரம் போனது என்று யாரேனும் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் நாள் தொலைவில் இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்கு 20 கிலோமீட்டருக்குள் இருப்பதால், எங்கள் பக்கத்தில் பழுதான பம்புசெட்டுக்கும் சோழர் தொடர்பு கண்டுபிடிக்க ஆளுண்டு.

வழியில் சோதனைச் சாவடியில், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மற்ற ஊர்க்காரர்கள் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்களால் முடியாது. மிளகு மூட்டை கொண்டுவந்த வணிகன் ஒருவன் சுங்கத்துக்குப் பயந்து ‘பயறு’ என்று சொன்னான், மூட்டையைப் பிரித்தால் பயறாகவே இருந்தது என்பது எங்கள் ஊர்ப் பயறணீசுவரர் கோயில் தலக்கதை. சாவடியில் பொய் சொன்னால் சரக்கு மாறிவிடும் என்ற அச்சம் ஊர் ரத்தத்தில் இருக்கிறது. சித்தி ஒவ்வொரு பையாக அவிழ்த்து, கடைசி கேரி பேக் வரை எடுத்து வைத்தார். புளிசாதம் கையில் வந்தது.

நீர்: காலையில் ஒரு மணி நேரம். இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்கிறது. இங்கிருந்தது பிளாஸ்டிக் தொட்டியாலான தோல்வித்தூண்.

கொசு: உண்டு.

இனி இலக்கியச் சான்று. காட்டு முகாம் பற்றிப் பேச வருகிறவர் முல்லைப்பாட்டைத் தொடாமல் போனால் அவருக்குப் பட்டம் கிடைக்காது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி, காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. காட்டை வெட்டிப் பாசறை அமைக்கிறார்கள். நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்ல ஆள் இருக்கிறது. விளக்கேற்றப் பெண்கள் இருக்கிறார்கள். யவனர் உறுதியான கயிற்றில் திரை இழுத்து இரண்டறைப் பள்ளி அமைக்கிறார்கள். உள்ளே, வாய் பேசாமல் உடம்பசைவாலேயே சேதி சொல்லும் மிலேச்சர் காவல் நிற்கிறார்கள். அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும் பட்டுப்போன வீரர்களையும் நினைத்து விழித்திருந்தான் என்று பாட்டு சொல்கிறது. நாம் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டோம். அரசன் பாசறையில் தாழ்ப்பாள் இருந்ததா? பாட்டு மௌனம் சாதிக்கிறது. ஒரு பொருளைப் பற்றி இலக்கியம் பேசாமலிருந்தால், அது அக்காலத்தில் எங்கும் நிறைந்திருந்ததால் சொல்லத் தேவைப்படவில்லை என்றும் எழுதலாம், அறவே இல்லாததால் சொல்லவில்லை என்றும் எழுதலாம். துறைத்தலைவர் எந்தக் கட்சியோ அதைப் பொறுத்தது. நாம் இரண்டாம் கட்சி. தாழ்ப்பாள் இல்லை, ஆகவே அரசன் தூங்கவில்லை. வாய் பேசாத காவலரைத் தேடிப் பிடித்து வைத்ததும், எவரும் கனைத்துக் குழப்பிவிடக் கூடாது என்ற முன்னேற்பாடே. கயிறு பற்றிய செய்தி நம் ஆய்வுக்கு உதவாததால் அதை விட்டுவிடுகிறோம்.

(பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றிய உ.வே.சா. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர். அவர் பதிப்பை வைத்துப் பட்டம் வாங்குகிறவர்கள் நூலகத்தின் மாடிப்படி ஏறவும் யோசிக்கிறார்கள்; ஒருவர் அடிக்குறிப்பை இன்னொருவர் பார்த்து எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது.)

தாழ்ப்பாள் இல்லாத கதவின் முன்னும் பின்னும் எழும் ஒலியே கனைப்பு. அது இருவகைப்படும். வெளியே நிற்பவர் எழுப்புவது வினாக் கனைப்பு. உள்ளே இருப்பவர் எழுப்புவது விடைக் கனைப்பு. வினா குறுகியும் விடை நீண்டும் வரும் (மைத்துனர், வாய்மொழி). விடை வராவிடில் மும்முறை வினவிய பின்னரே கதவைத் தொட வேண்டும் என்பது மரபு. பெண்டிர்க்கு வளையொலியும் ஆகும் என்பர் ஒருசாரார் (பெரியம்மா, புளிசாதப் பொட்டலத் தாளின் பின்பக்கம், எண்ணெய்க் கறைக்கு மேலே). கதவு ஒரு முந்திரி அளவு, அதாவது 320-இல் ஒரு பங்கு, திறந்த பின் எழும் கனைப்பு விடையில் அடங்காது, அது அலறலின்பாற்படும்.

வகைப்பாட்டை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அந்த முகாமில் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்தக் கழிவறைதான். அதனால் மூன்றாவது ஒரு வகை தோன்றியது. வந்த வேலை முடிந்தும் உள்ளேயே உட்கார்ந்திருப்பவர் எழுப்பும் பொய்க் கனைப்பு. இது விடைக் கனைப்பையே ஒக்கும். ஆயினும் உற்றுக் கேட்டால் அடியில் கிரிக்கெட் வர்ணனை கேட்கும். பொய்க் கனைப்பைத் தனி வகையாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொள்ளலாகாது என்கிறார் மைத்துனர் (சித்திக்கு அனுப்பிய குரல்பதிவு, நள்ளிரவு, அனுப்பிய இடம் மேற்படி கழிவறை). கொள்ள வேண்டும் என்கிறார் சித்தப்பா (‘மைத்துனருரை மறுப்பு’, இருட்டில் கத்தியது, முதற்பாகம், இரண்டாம் பாகம் பக்கத்துக் கூடாரத்தார் டார்ச் அடித்ததால் நின்றுபோயிற்று, இடையில் நாய் குரைத்த பகுதி இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டது). சித்தப்பாவின் மறுப்புக்கு ஒரு மறுப்பும் எழுந்தது. அதன் மூலப் பிரதி, சித்தியின் கைபேசியில் இடம் போதாமல் பேத்தியின் பரதநாட்டியப் படத்துக்கு வழிவிட்டு அழிந்தது. கடல் கொண்டது என்று எழுதிவிடலாம்.

இக்கோட்பாடு முழுவதையும் கவிழ்த்தது சித்தப்பாவின் சளி. அவருடைய கூடாரம் கழிவறைச் சுவரை ஒட்டியிருந்தது. அவர் தூக்கத்தில் இருமினார். பொருளில்லாத வெறும் இருமல். வெளியே வரிசையில் நின்றவர்கள் அதை விடைக் கனைப்பாகவே கொண்டார்கள். ஆளில்லாத கழிவறையின் முன்னால் ஆறு பேர், கையில் ஆளுக்கொரு பக்கெட்டோடு, உள்ளே இருப்பவர் வெளிவரும் வரை பொறுமையாக நின்றார்கள். ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை என்று மொழியியலார் சொல்லும்போது கைதட்டியிருக்கிறேன். அன்றிரவு கால் மாற்றி நின்றேன்.

கனைப்பின் தொன்மைக்கு வேறெங்கும் போக வேண்டாம், உடையார்பாளையமே போதும். எங்கள் ஜமீனின் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையா தஞ்சைக்கு வந்து பாடிய கனமார்க்கத்தை அரும்பாடுபட்டுப் பயின்று, அந்த அடைமொழியைத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டவர். உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் கற்றது அவரிடம்தான். தொண்டையோடு நிற்கிற பாட்டன்று அது. உடம்பில் வலு இல்லாதவனுக்குக் கைவராது. ஜமீனோடு அந்த மார்க்கமும் போயிற்று என்று சங்கீத வரலாறு எழுதுவோர் அங்கலாய்க்கிறார்கள். போகவில்லை. விடியற்காலையில் என் பெரியப்பா உள்ளேயிருந்து எழுப்பிய விடைக் கனைப்பைக் கேட்டிருந்தால் அப்படி எழுத மாட்டார்கள். அடிவயிற்றில் தொடங்கிச் சுவரில் மோதித் தகரக் கூரையில் எதிரொலித்து நின்றது. எங்கோ ஒரு மயில் பதில் கொடுத்தது. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இதை ஒரு கட்டுரையாக்கி, பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப இருக்கிறேன். முதல் பெயராக வழிகாட்டிப் பேராசிரியரைப் போட வேண்டும். அவர் முகாமுக்கு வரவில்லை. வராமலே முதலில் நிற்பதுதான் முறை என்கிறார்கள்.

காலையில் வாட்சர் வந்தார். “ராத்திரி பூரா எல்லாருக்கும் இருமல் போல, சார். குளிரு ஒத்துக்கலையா?” என்றார். ஆய்வின் சுருக்கத்தை விளக்கினேன். வினா, விடை, பொய் என்று மூன்று விரலை நீட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துக் கதவு நிலையில் வைத்து, கீழே கிடந்த கல்லால் நாலு தட்டுத் தட்டினார். ஒரு முழம் சணல் கயிற்றைக் கதவில் முடிந்து, மறுமுனையை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் காட்டினார். கதவு அசையவில்லை.

“போன வாரமும் இப்படித்தான் கட்டி வச்சேன் சார். வந்தவங்க துணி காயப்போட அவுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்களாச்சும் அவுக்காம இருங்க.”

களச்சான்று இவ்வாறு முற்றிலும் அழிக்கப்பட்டுவிட்டது. ஆய்வுக் காலத்தை ஆறு மாதம் நீட்டித்துத் தருமாறு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டாம் பாகத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே தகவலாளி பெரியப்பா. கயிற்றை இறுக்கிக் கட்டிய பிறகும் அவர் கனைக்கிறார்.