கல்லிடம் கேட்டவர்

கேள்வி: கிரேக்கர்களுக்கு வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். நம் தஞ்சைச் சீமைக்கு யார்?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: தி.வை. சதாசிவப் பண்டாரத்தார்! ஒன்பதாம் நூற்றாண்டில் சோழர் தலையெடுக்க வழிவிட்டது திருப்புறம்பியப் போர். கும்பகோணத்துப் பக்கத்திலுள்ள அந்தத் திருப்புறம்பியத்திலேயே 1892-ல் பிறந்தார், சோழர் வரலாற்றை எழுத வேண்டியவர். ஹெரடோட்டஸ் ஊர் ஊராய்ப் போய் மனிதர்களிடம் கேட்டு எழுதினார். பாணாதுறைப் பள்ளித் தமிழாசிரியரான இவரோ கோயில் கல்வெட்டுகளிடம் கேட்டார். கல்லுக்கு மறதி கிடையாதே! பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ மூன்று பாகங்களையும் தமிழிலேயே எழுதினாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ராஜராஜ சோழனைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்களே, முதல் பாகத்தையாவது படித்துவிட்டு மைக்கைப் பிடியுங்கள்.