குதிரை வியன்னா போன கதை

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ ஆற்றுவதற்குள் ஒரு தடவை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒரு தடவை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் ஒரு தடவை. என் மனைவி முதலில் வேறு ஏதோ சந்தேகப்பட்டாள். “அறுபத்திரண்டு வயசுல போர்வைக்குள்ள அப்படி என்னா பாக்கறீங்க?” என்று போனைப் பிடுங்கினாள். திரையில் ‘மார்க்டு ஃபார் எக்ஸாம்’ என்றிருந்தது.

“யாருக்கு எக்ஸாம்?”

“குதிரைக்கு” என்றேன்.

குதிரை என் நைனாவுடையது. செஞ்சியில் சின்னதாக ஒரு அரிசி மில் வைத்திருந்தார். மார்க்கெட் கமிட்டியில் நெல் எடுத்து, அரைத்துக் கோணி பிடித்ததும், தகரத்தில் வெட்டிய அச்சை மூட்டைமேல் வைத்து நீல மையைப் பிரஷால் அப்புவார். பின்னால் ராஜகிரி மலை, முன்னால் தேசிங்குராஜன் குதிரை, கீழே ‘செஞ்சி’ என்று மூன்று எழுத்து. அச்சு வெட்டிய ஆசாரி குதிரையைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார் போல. காது கொஞ்சம் நீளம்.

1984இல் யாரோ சொல்லி, நைனா அந்தப் படத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கிளம்பினார். திண்டிவனம் போய், அங்கிருந்து மெட்ராஸ் பஸ் பிடித்து, ஒரு ஏஜெண்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எப்போதாவது தபால்காரர் சைக்கிளைச் சாய்த்தால், “மெட்ராஸ்லேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?” என்பார். “இல்லீங்களே” என்றால், “சரி, மோர் குடிச்சிட்டுப் போ” என்பார். நடுவில் ஏஜெண்ட் வீடு மாறிவிட்டார்; அவருக்குப் போன கடிதங்கள் எங்கெங்கோ அலைந்தன. நைனாவுக்கு அதுவும் தெரியாது. தெரியாததால் நன்றாகத் தூங்கினார்.

1989இல் சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மில்லில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டினார். அன்றைக்கு இருந்தது 1958ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி பதிவுக்கு ஏழு வருஷம்தான் ஆயுள். அதுவும் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கணக்கு. மாட்டும்போதே அதற்கு ரெண்டு வருஷம்தான் மிச்சம். இங்கிலீஷில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை. 1991இல் புதுப்பிக்காமல் அது காலாவதியானது. கற்பூரம் மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தடவை, அதே குதிரையை மறுபடி பதிவு செய்ய, என் மகள் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே விண்ணப்பம் போட்டாள். 2017இல் வந்த புது விதிகளில் 74 படிவங்களை எட்டாகச் சுருக்கிவிட்டார்கள். நமக்கு டிஎம்-ஏ ஒன்றே போதும். அரிசிக்கு முப்பதாவது வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் போட்டால் 4,500 ரூபாய். 1984லிருந்து புழக்கத்தில் உள்ளது என்பதற்குச் சாட்சியாக ஒரு நோட்டரி பத்திரம், கரையான் மிச்சம் வைத்த ரெண்டு பில், அந்தத் தகர அச்சின் போட்டோ. விண்ணப்பம் போட்டதும் பையில் ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ மட்டும் பதிவானபிறகுதான், முன்னால் போட்டால் அபராதம் உண்டு. புதுப் பையைப் பார்த்த லோடுமேன் கேட்டார்: “என்னாண்ணே, செஞ்சி அரிசியில திண்டிவனம்னு போட்டிருக்கீங்க?”

பிறகு ஆரம்பித்தது என் வியாதி. நம்பரைத் தட்டி, கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடித்தால், குதிரை எங்கே நிற்கிறது என்று காட்டும். ஒருநாள் ‘சென்ட் டு வியன்னா கோடிஃபிகேஷன்’ என்று வந்தது. பதறிப்போனேன். வியன்னா ஆஸ்திரியாவில் இல்லையா? எங்களுக்கு உதவும் ஏஜெண்ட் தம்பி போனில் சிரித்தார். “படத்துக்கு நம்பர் போடறாங்க சார், அவ்வளவுதான்.” 1973இல் வியன்னாவில் ஆன உடன்படிக்கை அது, இந்தியா 2019இல் சேர்ந்தது. உலகத்தில் உள்ள சின்னங்களில் எதெது இருக்கிறது என்று இனம் பிரித்து எண் கொடுக்கும் ஏற்பாடு. மலைக்கு ஒரு எண், கோட்டைக்கு ஒரு எண். குதிரை எந்த இனம் என்று தேடிப் பார்த்தேன். குதிரை, கோவேறு கழுதை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் ஒரே கொட்டடி. 1714இல் ஆற்காட்டு நவாபின் படைமேல் பாய்ந்த குதிரைக்கு இந்த மரியாதை. ஆசாரி வெட்டிய காதை நினைத்துக்கொண்டு நான் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

அடுத்து வந்தது ‘அப்ஜெக்டட்’. ஸ்டேட்டஸை மூன்று வேளையும் பார்த்தவன், அறிக்கை வந்து கிடந்த மின்னஞ்சலை இருபத்தாறாம் நாள்தான் திறந்தேன், பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பதில் போட முப்பது நாள்தான் கெடு. 2016 மார்ச்சில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் பதில் இல்லை என்று மொத்தமாகக் கைவிடப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்ட கதையைத் தம்பி அன்றைக்குப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆட்சேபம் இதுதான்: ‘செஞ்சி’ என்பது ஊர்ப்பெயர், பிரிவு 9இன்படி அதை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. நியாயம்தான். நாயக்கர் ஆண்டார்கள், பீஜாப்பூர் சுல்தான் எடுத்தார், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் இங்கிலீஷ்காரர். ஏழு வருஷத்துக்கு மேல் முற்றுகை போட்டுப் பிடித்த முகலாயருக்கே நிலைக்காததை நான் 4,500 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியதுகூட ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில்தான். பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று இங்கே.

பதில் போட்டோம். படம் முழுவதற்கும்தான் உரிமை, ‘செஞ்சி’ என்ற சொல்லுக்குத் தனியாக இல்லை என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ‘அக்செப்டட் அண்ட் அட்வர்டைஸ்டு’. திங்கள்கிழமைதோறும் வரும் வணிகச் சின்ன இதழில் வெளியாகி, நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு; பத்து வருஷம் ஆயுள். நாலு மாதம் சட்டத்தில் உள்ளது, நான் முறைத்துப் பார்த்தால் குறையாது என்று மகள் சொல்லிவிட்டாள். இருந்தாலும் திங்கள்கிழமை வந்தால் இதழைத் திறந்து, வேறு யாராவது குதிரை வைத்திருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஏழு குதிரை. அதில் ஒன்றின் காதைப் பெரிதுபண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மில்லிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“வெள்ளிக்கிழமையாச்சே, அந்தப் பழைய சட்டத்துக்குக் கற்பூரம் காட்டணுமா, வேணாமா?”

“காட்டு” என்றேன்.