கண்மாய்க்குள் போட்ட கோடு

பங்குனி வெயிலுக்கு எங்கள் கண்மாய் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரையோரமாக ஓர் இடத்தைப் பார்த்து, வண்டியில் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, பத்துப் பையன்கள் சேர்ந்து மிதிப்போம். மண் இறுகியதும் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவோம். நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர், நடுவே நடுக்கோடு. 1980-களில் எங்கள் ஊர் மல்லாங்கிணற்றுப் பையன்களுக்குக் கபடி மைதானம் இதுதான். கோடு போட்ட பிறகு யாராவது செருப்புக் காலோடு குறுக்கே நடந்தால் எங்கள் அணித்தலைவர் விடமாட்டார். அவர் எனக்குப் பெரியப்பா மகன். "ஏலே, கோட்ட அழிச்சா ஆட்டத்த அழிச்ச மாதிரிடா" என்பார்.

பங்குனி, சித்திரைப் பொங்கல் சமயத்தில் சுற்றுவட்டாரமெங்கும் நாக்அவுட் போட்டி நடக்கும். நோட்டீஸ் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை டீக்கடைகளில் ஒட்டியிருக்கும். நுழைவுக் கட்டணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்துக்கொண்டு கடைசிப் பேருந்தில் போவோம். தோற்றால் டியூப் லைட் வெளிச்சத்திலேயே படுத்திருந்து, விடிந்ததும் முதல் பேருந்தில் திரும்புவோம்.

அப்படிப் போன ஓர் இரவை நாற்பது வருஷமாகியும் நான் மறக்கவில்லை. ஊர் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். சாயங்காலம் எல்லா அணிகளுக்கும் முன்னால் சீட்டுக் குலுக்கினார்கள். யாருக்கு யார் என்று அட்டையில் எழுதிப் பந்தல் காலில் கட்டினார்கள். நாங்கள் இரண்டு சுற்று ஜெயித்து, மூன்றாவதுக்கு உட்கார்ந்திருந்தோம். நடுச்சாமத்துக்கு மேல், கோப்பை கொடுத்த கட்சிப் பிரமுகர் காரில் வந்து இறங்கினார். அரை மணி நேரம் பேசினார். அவர் கிளம்பியதும் மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. அட்டையில் பெயரே இல்லாத அவருடைய சொந்த ஊர் அணி நேராக அரையிறுதியில் ஆடும் என்றார்கள்.

அணித்தலைவரான எங்கள் அண்ணன் போட்டி நடத்தியவரிடம் போனார்.

"அண்ணே, சீட்டுல அவுக பேரே இல்லையே?"

"கோப்பை குடுத்தவுக ஊருப்பா. நீ போய் ஆட்டத்தப் பாரு."

மூன்றாவது சுற்றையும் ஜெயித்தோம். இரண்டு இரவுத் தூக்கம் தூங்கி எழுந்து வந்த ஏழு பேரை, மூன்று ஆட்டம் ஆடிய காலோடு அரையிறுதியில் எதிர்கொண்டோம். நாலு புள்ளியில் போய்விட்டது. தோல்வி எங்களுக்குப் புதிதில்லை. விடியற்காலையில் பந்தல் காலைப் பார்த்தால், பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிய அட்டை கட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணன் கண் கலங்கினார். அந்த வருஷமே திருப்பூருக்கு வேலைக்குப் போனார். பிறகு அவர் கபடி பாடிப் போய் நான் பார்க்கவே இல்லை.

இதைச் சொல்வதால் அரசியல்வாதிகளே விளையாட்டுப் பக்கம் வரக்கூடாது என்கிறவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். எங்கள் வட்டாரமே அரசியலோடு பழகியது. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான். 1996-ல் அமைச்சரான தங்கபாண்டியன் எங்கள் ஊர்க்காரர். அவர் மகன் தங்கம் தென்னரசு பள்ளிக்கல்வி அமைச்சராகவும், 2023-ல் நிதியமைச்சராகவும் ஆனார். மழை பொய்க்கும் இந்தப் பூமியில் பேருந்து, குடிதண்ணீர், பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாமே மனு எழுதி, ஆள் பார்த்து வாங்கியவை. மைதானமும் அப்படித்தான் வந்தாக வேண்டும்.

இப்போது என் அண்ணனின் பேத்தி கபடி ஆடுகிறாள். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகள் கரை மேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதுவும் இருட்டும் வரைதான். இவள் பள்ளிக்கூடத்தில் குறுவட்டப் போட்டி ஆடி, முதலமைச்சர் கோப்பைக்கும் பெயர் கொடுத்தாள். கைபேசியிலேயே பதிவு முடிந்தது. பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், மாற்றுத் திறனாளிகள், அரசு ஊழியர் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மாநில அளவில் கபடி மாதிரியான குழு ஆட்டத்தில் முதலிடம் வந்தால் அணியில் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய். சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று 33 வகைப் பொருள்கள் அரசு கொடுத்திருக்கிறது. விளையாட்டில் சிறந்தவர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இவை அத்தனையும் அரசியல் முடிவுகள். எந்தக் கட்சி செய்தாலும் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் அண்ணனுக்கு இதில் ஒன்று கிடைத்திருந்தாலும் திருப்பூர் போயிருக்க மாட்டார்.

விருதுநகர் மைதானத்தில் மாவட்டப் போட்டிக்கு அவளோடு நானும் போனேன். மேட் விரிப்பு, காலில் ஷூ, நடுவர் கையில் கடிகாரம். எனக்கு மட்டும் பழைய பந்தல் கால் ஞாபகம்.

"யாரோட ஆடணும்னு சீட்டு எடுத்தாகளே, நீ பார்த்தியாம்மா?"

"எங்க கேப்டன்தான் தாத்தா எடுத்தா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அன்று அவள் அணி இரண்டாவது சுற்றில் தோற்றது. அவள் அழவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரோட்டா வாங்கித் தரச் சொன்னாள். கண் முன்னால் எடுத்த சீட்டில் தோற்றவள் மறு வருஷமும் ஆட வருவாள். அட்டையை மாற்றித் தோற்கடிக்கப்பட்டவர் திருப்பூருக்குப் போனார்.

பெரிய இடங்களிலும் கதை இதுவேதான். ராஜஸ்தான் அரசியல்வாதி ஜனார்தன் சிங் கெலாட் 1984 முதல் 2013 வரை இந்தியக் கபடி சம்மேளனத்துக்குத் தலைவர். 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி இடம்பிடித்தது அவர் காலத்தில்தான். அந்தப் பெருமையை மறுக்கக் கூடாது. ஆனால் அவருக்குப் பிறகு அவர் மனைவியே தலைவரானார். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து நிர்வாகியை நியமித்தது. கால்பந்திலும் அப்படித்தான். இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவராக இருந்த அரசியல்வாதி பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விலக்கியது. ஆகஸ்ட் 15-ல், வெளியார் தலையீடு என்று உலகக் கால்பந்து அமைப்பான பிஃபா இந்தியாவைத் தடை செய்தது, 26-ல் நீக்கியது. அந்தப் பதினோரு நாளில், ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன?

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே கல்லூரிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிக்கு முன்பு இரண்டு அணிகளை வாக்கும் கணினித் தரவரிசையும் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 பருவத்தில் யூட்டா பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இருந்தும் அதற்கு இறுதியில் இடமில்லை. ஒபாமாவே எட்டு அணி வைத்து ஆடச் சொன்னார். நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. ஆனால் சட்டம் போட்டு யாரும் மாற்றவில்லை. போட்டியை நடத்தியவர்களே 2014-ல் நான்கு அணி, 2024-ல் பன்னிரண்டு அணி என்று மாற்றிக்கொண்டார்கள். பதவியில் இருப்பவர்கள் கேள்வி கேட்டார்கள். அட்டவணையை விளையாட்டுக்காரர்கள் எழுதினார்கள். எனக்கு அது சரியென்று படுகிறது.

அரசியல்வாதியின் வேலை கோட்டுக்கு வெளியே நிறைய இருக்கிறது. மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், ஆடி முடித்த பிள்ளைக்கு வேலை வேண்டும். சம்மேளனம் ஒரே குடும்பத்திடம் தேங்காமல் இருக்கச் சட்டம் வேண்டும். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயத்துக்கு வழி செய்திருக்கிறது. விதியை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிட்டு விலகி நிற்பது நல்ல அரசியல். ஆட்டம் தொடங்கிய பிறகு அட்டையில் கை வைப்பது, யார் செய்தாலும், களவு.

எங்கள் வட்டாரத்தில் போட்டி நடத்தும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை கொடுப்பவரை மேடையில் உட்கார வையுங்கள், துண்டு போர்த்துங்கள், பரிசையும் அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். சீட்டுக் குலுக்கும்போது மட்டும் எல்லா அணித்தலைவர்களையும் கூப்பிட்டு அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். பந்தல் காலில் கட்டிய அட்டையைக் கடைசி ஆட்டம் முடியும்வரை யாரும் கழற்ற விடாதீர்கள்.