கேள்வி – பதில்

கேள்வி: பரிணாமத்தின் உச்சம் மனிதன் என்கிறார்கள். அப்புறம் ஏன் கூட்டம் கூட்டமாய் முட்டாள்தனம் செய்கிறான்? டார்வினிடம் பதில் உண்டா?
– ஒரு வாசகர், ஜேடர்பாளையம்

பதில்: பாதி உண்டு. ‘உச்சம்’ நாமே சூட்டிக்கொண்ட பட்டம். டார்வின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பாதி பதிலுக்குச் சாட்சி, 2005-இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்களின் சோதனை ஒன்று. உள்ளே தெரியும் பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் வித்தையை, குச்சியால் சில வீண் குத்துகளோடு சேர்த்துச் செய்து காட்டினார்கள். சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டுப் பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோ அத்தனை குத்தையும் பயபக்தியோடு குத்தினார்கள்!

சிரிக்க வேண்டாம். காரணம் கேட்காமல் பெரியவர்களைப் பார்த்துச் செய்ததால்தான் நச்சுக்கிழங்கையும் பக்குவப்படுத்தித் தின்று பிழைத்தோம். அதே குணம்தான் உங்களுக்குப் பக்கத்துப் பெருந்துறையில், மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியிடம் ஈமு பறவைகளை வாங்க வைத்தது. அடுத்த தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார், விளம்பரத்தில் நடிகர் சிரிக்கிறார், வேறென்ன வேண்டும்? 2012 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி கைவிரித்தது. பறவைகளுக்குத் தீனி போடும் வேலை அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

மீதிப் பாதி? முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லை அருகில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியப் பறவையைத் தேடிப் போனதற்கு டார்வின் பொறுப்பல்ல. மாதாமாதம் பணம் வரும் என்று அச்சடித்த நோட்டீஸ்காரரைக் கேளுங்கள்.